கொசுக்களுக்குக் கை கொடுத்த கதை

டொலீடோ, ஓஹாயோ
அக்டோபர் 19

அன்பு மகன் ராமிரோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் என் கொசுக்களும் சுகம். நம் ஊர் சால்தோவில் நீயும் மருமகள் பிலாரும் குழந்தை ஹுவானாவும் அதே போல் சுகமாக இருக்க வேண்டும், கொசு மட்டும் இல்லாமல்.

போனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் எழுதுகிறேன். கோடையில் எங்கள் கொசு ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த அரசுப் பணத்தை நிறுத்திவிட்டார்கள். முதலில் நின்றது கொசுக்களுக்கு வாங்கும் ரத்தம். பெண் கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டையிடும், முட்டை இல்லாவிட்டால் இத்தனை வருடம் நான் வளர்த்த வம்சமே அற்றுப்போகும், அதனால் என் கையையே கூண்டுக்குள் விட்டேன். உதவியாளன் டுவெயின், "டாக்டரம்மா, என் வேலை உத்தரவுல ரத்தம் குடுக்கணும்னு எங்கயும் போடல" என்று முறுக்கிக்கொண்டு போனான், மறுநாள் அவனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றான். நோய் இல்லாத கொசுக்கள்தான், பயப்படாதே.

இந்த லட்சணத்தில், நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு நேர்காணல் வந்தது. என் ஆராய்ச்சி இந்த நாட்டுக்கு அவசியம் என்று சொல்லித்தானே விண்ணப்பித்திருந்தேன். வக்கீல் கோவால்ஸ்கி முழுக்கைச் சட்டை போடச் சொன்னார், கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கச் சொன்னார். அன்று பார்த்து அங்கே ஏசி படுத்துவிட்டது. எனக்கு வேர்த்து ஊற்றுவதைப் பார்த்த அதிகாரியம்மா, பாவம், கையை மடித்துவிட்டுக்கொள்ளச் சொன்னாள். மடித்தேன், கை முழுக்கக் கொசுக்கடித் தடிப்பு. அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, "இது ஒட்டிக்குமா?" என்றாள். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னேன். கோப்பைப் புரட்டிவிட்டு, "நீங்க இல்லாம நாட்டுக்கு ஆகாதுன்னு இதுல போட்டிருக்கு. அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு பை ரத்தம் கூடவா தர மாட்டாங்க?" என்றாள். அதை நான் கேட்டால் நன்றாக இருக்காது, நீங்கள் கேட்டால் நன்றாக இருக்கும் என்றேன். கோவால்ஸ்கி இருமினார். வேலை இருக்கிறதா என்று கேட்டாள். டிசம்பருக்கு அப்புறம் தெரியாது என்றேன். கோவால்ஸ்கி கண்ணை மூடிக்கொண்டார். "பெறகு எதுக்கும்மா இன்னும் கடி வாங்குறீங்க?" என்றாள். அதுகளுக்குப் பசிக்கிறதே என்றேன். அவள் சிரிக்கவில்லை, வெகுநேரம் ஏதோ எழுதினாள். படியிறங்கும்போது கோவால்ஸ்கி, "உங்களுக்கு உண்மை பேசுற வியாதி, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார். எல்லாம் போச்சு என்றுதான் வீடு வந்தேன்.

போன வாரம் அனுமதி அட்டை வந்துவிட்டது. அதே வாரம் டிசம்பர் நடுவிலேயே வேலை முடிகிறது என்று துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஆக, சாகிற வரை இங்கே இருக்கலாம், சம்பளம்தான் கிடையாது. டுவெயினுக்கு மாடியில் வேறு ஆய்வகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, கூண்டுகளையும் தூக்கிப்போகிறான், தன் கையே போதும் என்கிறான். மாவட்டக் கொசு ஒழிப்பு ஆபீசில் என்னை மார்ச்சில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வளர்த்தவளே கொல்லப் போகிறாள், என்ன செய்ய.

விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது ஊர்ப்பக்கம் வர முடியாமல் உன் கல்யாணத்தையும் குழந்தை பிறந்ததையும் போனிலேயே பார்த்தேன். இப்போது போய்த் திரும்ப அட்டை இருக்கிறது, லீவு கேட்க அப்போது முதலாளியும் இருக்க மாட்டார். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று.

பிலாருடன் சண்டை போடாதே. தண்ணீர்த் தொட்டியை மூடி வை. குடிக்க நல்ல மாத்தே இலை வாங்கி வை, இங்கே கிடைப்பதில் சுடுதண்ணீர் ஊற்றினால் வைக்கோல் வாசம். மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். ஹுவானா போனில் பார்த்துப் பார்த்து என்னை வெறும் தலை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பாட்டிக்குக் கைகால் உண்டு என்று இப்போதே சொல்லி வை, நேரில் பார்த்துப் பயந்துவிடப் போகிறது.

உன் அம்மா,
கிராசியேலா