வெற்றிலைக்குப் போட்ட பழி

தர்மபுரம்
14.8.1962

அன்புள்ள மகன் யோகலிங்கத்துக்கு அம்மா எழுதுவது,

வற்றாப்பளை அம்மன் கிருபையால் நீ கொழும்பில் சுகமாக இருப்பாய். இங்கே அப்பாவும் தங்கச்சி அருந்ததியும் சுகம், எனக்குத்தான் சுகமும் இல்லை பொறுமையும் இல்லை. உன் கடிதம் கிடைத்தது. வெற்றிலை போட்டுப் போட்டு அம்மாவின் பல்லெல்லாம் கெட்டுவிட்டது, முழுவதையும் பிடுங்கிப் பொய்ப்பல் செட் கட்டலாம், பல் டொக்டரிடம் நாளும் எடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். யாரைக் கேட்டு நாள் எடுத்தாய்?

வெற்றிலையை நான் பங்குனியிலேயே விட்டுவிட்டேன், இந்த வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. வாய் காய்ந்து, நாக்குத் தடித்து, பல் முரசு வீங்கி, சோறு மண்ணாக இருந்தது. நான் கதைப்பது எனக்கே விளங்கவில்லை. களவாகப் போடுகிறேன் என்று உன் அப்பா தலையணையைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் வெற்றிலைத் தட்டத்தையே எங்கேயோ ஒளித்துவைத்தார். சந்தையடியில் பல் பிடுங்குகிறவர் இரண்டு பல்லைப் பிடுங்கினார், அதில் ஒன்றும் சொத்தை இல்லை. புண்தான் ஆறவேயில்லை.

அந்த நேரம் பார்த்து அருந்ததியைப் பெண் கேட்டுத் தண்ணீரூற்றிலிருந்து பரமலிங்கமும் பெண்சாதியும் வந்தார்கள். அப்பா வயலில். வந்தவர்களுக்கு முன்னால் வைக்கத் தட்டம் இல்லை. வாங்கோ, இருங்கோ என்று நான் சொன்னதும் குழறிப்போக, பிறகு வாய் திறக்க வெட்கப்பட்டு நின்றேன். தேத்தண்ணீரும் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். வெற்றிலையும் வைக்கவில்லை, முகம்கொடுத்துக் கதைக்கவும் இல்லை, விருப்பமில்லாத இடம் என்று சொல்லித் திரிகிறார்களாம். தங்கச்சி குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுததை நான்தான் பார்த்தேன்.

பக்கத்து வளவு நேசமலர்தான் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு டொக்டரம்மா வாயைப் பார்த்த கையோடு கழுத்தைத் தடவினார். குளிர்கிறதா, எந்த நேரமும் நித்திரை வருகிறதா, தலைமயிர் கொட்டுகிறதா என்று கேட்டு, இரத்தமும் எடுத்துச் சோதித்தார். பிறகு சொன்னார்: “இது வெத்திலையாலை வந்த வருத்தம் இல்லை அம்மா. கழுத்துச் சுரப்பி சோர்ந்துபோச்சு. அதாலைதான் நாக்குத் தடிச்சு வாய் காயுது, புண்ணும் ஆறேல்லை.” தைரொயிட் என்று அதற்குப் பெயராம். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கட்டினவரும் பெற்ற பிள்ளையும் கேட்காததை முன்பின் தெரியாத மனிசி கேட்டாரே. வெற்றிலை நல்லதென்று அவரும் சொல்லவில்லை, முரசுக்குக் கூடாது, விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்றார். இதை வாசித்துவிட்டுச் சிரிக்காதே.

அவர் தந்த குளிசையை விழுங்கத் தொடங்கியபிறகு நாக்கு மெலிந்து வருகிறது, சோற்றில் உப்புத் தெரிகிறது. பல்லுக்கு எடுத்த நாளை உடனே நிற்பாட்டு, மிச்சப் பல் என்னோடு இருக்கட்டும். அப்பா இப்போது தட்டத்தைத் துலக்கி என் கண் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நடவாதவர் மாதிரித் திரிகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. அம்மன் உன்னைக் காப்பாற்றுவா. லீவு எடுத்து வா, வரும்போது நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கி வா. எனக்கு இல்லை. தண்ணீரூற்றுக்குப் போய் அந்த மனிசரின் முன்னால் தட்டத்தை வைத்து, எடுங்கோ என்று என் வாயால் திருத்தமாகச் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இராசமலர்