கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்ன வார்த்தை

மாதா துணை
லேபர் கேம்ப், மாட்டுங்கா
பாஸ்குத் திருநாளுக்கு முந்தின செவ்வாய்

அன்பு மகள் ரெபேக்காவுக்கு அம்மா புஷ்பம் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூச்சு ஓடுகிறது, முட்டிதான் ஓடவில்லை, டப்ளின் குளிரில் நீயும் மருமகன் ரிஜோவும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் உம் என்று மட்டும் சொன்னேன், உன் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், அதனால்தான் கடிதம். சர்க்கார் கட்டுகிற வீடு நமக்குக் கிடைக்காமல் போனதை அவன் உன்னிடம் சர்க்கார் குளறுபடி என்று சொல்லியிருக்கிறான். சர்வேக்கு வந்த அன்று இந்த அறையில் இருந்தவர்கள் யார் யாரென்று எழுதிவிடுகிறேன், பிறகு ஒருத்தரும் மாற்றிச் சொல்ல முடியாது. கட்டிலில் நான். வாசலை அடைத்துக்கொண்டு உன் அண்ணன் தாவீது. அடுப்புப் பக்கம் உன் மதினி சகாயராணி. ஏணியில் பாதி இறங்கி நின்றபடி மேல்வீட்டு நாகூர் மீரான், அவனுக்குப் பின்னால் தலைமுக்காடு மட்டும் தெரிய அவன் பெண்சாதி சாயிரா. ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்று இப்போது ஊர்க் காரியமெல்லாம் பார்க்கிற மாட்டுங்கா மகாதேவன். அவர் கூட்டிக்கொண்டு வந்த சர்வேக்காரப் பெண் தேஜல், மராட்டிப் பிள்ளை, நல்ல பிள்ளை, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தாள். இவ்வளவு பேர்தான்.

எந்த இடம் என்று கேட்டாய். உனக்குத் தெரிந்த இடம்தான், செம்பூரில் உன் பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் நீளமாகப் போகுமே மில்ட்ரிச் சுவர், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது. பந்து உள்ளே விழுந்ததென்று நீ எடுக்கப் போய் உன்னை வெயிலில் முட்டி போட வைத்தானே ஒரு சிப்பாய், அவனுக்கு ஒரு பக்க மீசை மறுபக்கத்தைவிடக் குட்டை, இன்றைக்கு எதிரே வந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். அவர்கள் சாமான்களை வேறு ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது. தகரக் கொட்டகைகள் சரிந்து புல் ஆள் உயரம் வளர்ந்து கிடந்தது. இங்கே ஜனங்கள் ஏணிக்கடியிலும் பரணிலும் முறை வைத்துப் படுக்கிறோம், அங்கே அத்தனை பெரிய இடத்தில் நாய்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன, கேட்டால் காலி இடம், மில்ட்ரிது, எட்டிப் பார்க்காதே என்பார்கள். இப்போது மில்ட்ரிக்காரர்களே விட்டுக்கொடுத்து, சர்க்கார் அதில் வேலை செய்கிறவர்களுக்கென்று வீடு கட்டுகிறது. சொந்தமாகத் தருவதில்லை, வாடகைக்குத்தான், இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேலை இருக்கிறவரைக்கும் இருந்துகொள்ளலாம். மகாதேவன் வந்து உட்கார்ந்து விளக்கினார், ஆஸ்பத்திரி ஆயா கல்யாண்லேர்ந்து வரா, பஸ் கண்டக்டர் பன்வேல்லேர்ந்து வரான், பாதி ஆயுசு ரயில்லயே போயிடறது, வேலை இருக்கற எடத்துல வீடு இல்லேன்னா ஊர் எப்படி நடக்கும் சொல்லுங்கோ என்றார். பெரிய கோபுரம் கட்டி விற்கிறவர்கள் அந்த இடத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டிருந்தார்களாம், கிடைக்கவில்லை. பக்கத்துக் கட்டிடத்துக்காரர்கள் வேலைக்காரர்களெல்லாம் இங்கே வந்து குடியேறினால் எங்கள் ஏரியா கெட்டுப்போகும் என்று மனுக் கொடுத்தார்களாம். காலையில் வேலைக்காரி கொஞ்சம் பிந்தினால் போன் போட்டு விரட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

நமக்கு அந்த வீடு எதற்கு என்றால், இந்த அறைக்காரன் மழைக்கு முன்னால் காலி பண்ணு என்று சொல்லிவிட்டான், அவன் மகனுக்குக் கல்யாணம். உன் அண்ணன் வேலை செய்கிற தோல் பட்டறை உல்லாஸ்நகருக்குப் போய்விட்டது, அதனால் அவன் பேரில் இங்கே வீடு கேட்க முடியாது, வேலை இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம். கேட்க முடிந்தால் சகாயராணி பேரில்தான் கேட்க முடியும். அவள் மாவாட்டி இட்லி அவித்து வைக்க, இட்லிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய் தாதரிலும் சயானிலும் விற்கிறார்கள். வீட்டிலிருந்தபடி செய்கிற வேலையும் வேலைதான், அதையும் எழுதிக்கொள்வார்கள் என்று மகாதேவன் முதலிலேயே சொல்லியிருந்தார். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார், உன் அண்ணன் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தான், காதில் விழவில்லை என்று இப்போது சொல்கிறான். இருக்கட்டும், அதையும் நம்பிவிட்டேன்.

தேஜல் வந்த நேரம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, உளுந்து பாதிதான் அரைந்திருந்தது. அவள் முதலில் நாகூர் மீரானைக் கேட்டாள், உங்கள் வீட்டுக்காரம்மா என்ன செய்கிறார் என்று. அவன் சிரித்துக்கொண்டு உரக்க, நான் வெறும் கத்திரிக்கோல் மேடம், மெஷின் இவ தான், ஃப்ராக்குக்கு ஃப்ரில் வச்சுத் தைக்கிறது பூரா இவதான், இவ கை நின்னா எங்க பட்டறையே நின்னுபோகும் என்று இந்தியில் சொன்னான். சாயிரா முக்காட்டுக்குள் வெட்கப்பட்டாள். அப்புறம் தேஜல் இந்தப் பக்கம் திரும்பி, பாபி க்யா காம் கர்த்தி ஹை என்றாள், அண்ணி என்ன வேலை செய்கிறார் என்று. உன் அண்ணன் சொன்ன பதில் கிரைண்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று காதருகே கையை வைத்தாள். அவன் உள்ளே வந்தான், கிரைண்டரை நிறுத்தினான், திரும்பிப் போய் வாசலில் நின்று சொன்னான், குச் நஹி மேடம், கர் பே காலி பைட்தி ஹை. ஒன்றுமில்லை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று. சகாயராணி முழங்கை வரைக்கும் மாவோடு நின்றுகொண்டிருந்தாள்.

தேஜல் கிரைண்டரைக் காட்டி அப்படியானால் இது எதற்கு என்றாள். வீட்டுக்குத்தான் என்றான். அண்டாவையும் கொப்பரையையும் அடுக்கி வைத்திருந்த தட்டுகளையும் அவள் பார்த்தாள், நாங்கள் வீட்டில் யானை வளர்க்கிறோம் என்று நினைத்திருப்பாள். நாகூர் மீரான் ஏணியிலிருந்தே, அண்ணாச்சி, மதினி மாவாட்டி விக்காகல்லா, அதைச் சொல்லுங்க என்றான். உன் அண்ணன் அவனை ஒரு பார்வை பார்த்தான், ஓய், எங்க வீட்டுப் பொம்பள வேலைக்குப் போறவ இல்ல, ஒம்ம வீட்டுக் கதைய நீரு பாரும் என்றான். நான் கட்டிலில் இருந்து இந்தியில் சொன்னேன், மகளே, இவள் வேலை செய்கிறாள், எழுதிக்கொள் என்று. அதற்கு அவன் அம்மாவுக்குக் காது மந்தம், கேள்வி புரியவில்லை என்றான். என் காதைப் பற்றி உனக்குத் தெரியும், பக்கத்து லைனில் யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். தேஜல் எழுதிக்கொண்டு போனாள். இது புதிதாக முளைத்த வார்த்தை இல்லை. நான் தோலைத் தரம் பிரித்துப் பிரித்துக் கை வெந்து கிடந்த காலத்தில் உன் அப்பாவும் என்னைப் பற்றிச் சும்மாதான் இருக்கா என்றுதான் ஊரில் சொல்வார். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறான் என்று ஒருவன் வாயில் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் இந்த ஆண்பிள்ளைகளுக்கு. அவர் மாதாவிடம் போய்விட்டார், அவர் பேச்சு அங்கே நடக்கட்டும்.

சாயிராவின் தையலை வேலை என்று எழுதி அவர்களுக்கு வீடு வந்தது. நமக்கு வரவில்லை. ஆனால் அத்தோடு முடிந்துபோகவில்லை, அதைத்தான் உன் அண்ணன் உன்னிடம் சொல்லவில்லை. மகாதேவன் ஓடியாடி மறுவிசாரணைக்கு நாள் வாங்கிக் கொடுத்தார். ஆபீஸுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம், அவரும் வந்தார். அங்கே இருந்த ஆபீசர் வயசானவர், நிதானமானவர், அவசரப்படுத்தவில்லை. நான் எழுந்து சொன்னேன், என் மருமகள் இட்லி போடுகிறாள், இந்த ஊர் பாதி அதைத்தான் சாப்பிடுகிறது என்று. மாஜீ, நீங்கள் உட்காருங்கள், வேலை செய்கிறவர் தன் வாயால் சொன்னால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு சகாயராணியைப் பார்த்து, அம்மா, நீங்கள் வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். அவள் உன் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஃபேனைப் பார்த்தான். ஆபீசர் இன்னொரு தடவை கேட்டார், முதல் தடவையைவிட மெதுவாக. அவள் கையிரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, நஹி சாப், காலி ஹூம் என்றாள், இல்லை ஐயா, சும்மாதான் இருக்கிறேன் என்று. உன் அண்ணன் அப்போதும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடாத ஃபேன். மகாதேவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆபீசர் பேனாவை மூடினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவுக சொன்னதப் பொய்யின்னு அத்தன பேரு முன்னால நான் சொன்னா அவுக மூஞ்சிய எங்க கொண்டு வைப்பாக, அத்தே, அவுகளே சொல்லுவாகன்னுதான் அவுகளப் பாத்தேன் என்றாள். அழவில்லை. அன்றைக்கும் வந்து உளுந்து ஊறப்போட்டாள்.

இப்போது உல்லாஸ்நகரில் ஓர் அறை பார்த்தாகிவிட்டது. அங்கே துணிக்கடைகளும் பட்டறைகளும்தான், இவளிடம் இட்லி எடுத்து விற்க அங்கே ஆள் இல்லை, இங்கிருக்கிற இட்லிக்காரர்கள் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள், வேறு ஒருத்தியிடம் சொல்லிவைத்துவிட்டார்கள். அறையில் இடம் போதாது, கிரைண்டரை விற்றுவிடு என்கிறான். இனிமேலாவது அவ ரெஸ்ட் எடுக்கட்டுமே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான், அதைப் பாசமாகத்தான் சொல்கிறான், அதுவும் எனக்குத் தெரிகிறது. அவள் அந்தக் கல்லைத் தினமும் கழுவித் துடைத்துத் துணி போட்டு மூடி வைக்கிறாள். அங்கே போய்விட்டால் அவன் சொன்ன வார்த்தை உண்மையாகிவிடும். செம்பூரில் காலி இடமாக இருந்தது வீடாகிறது, இங்கே வேலையாக இருந்தது காலியாகிறது.

வீடு கிடைத்த அன்று சாயிரா ஒரு கிண்ணம் பாயசத்தோடு இறங்கி வந்தாள், கொடுக்க மனசில்லாமல் ஏணியடியில் நின்றுகொண்டே இருந்தாள், சகாயராணிதான் போய் வாங்கிக்கொண்டாள். நாகூர் மீரான் வந்த புதிதில் அந்த ஏணியை என் ஜன்னலை மறைத்துப் போட்டதை நான் மறக்கவில்லை, இத்தனை வருஷமும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்று உனக்கே தெரியும். அதைப் போன திங்கட்கிழமை மன்னித்துவிட்டேன். அவனுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மீசைக்காரச் சிப்பாயையும் விட்டுவிட்டேன். அறைக்காரனையும் விட்டுவிட்டேன், அவனுக்கும் பிள்ளை இருக்கிறது.

உன் அண்ணன் சொல்லிப் பங்குச் சாமியார் நம் வீட்டுக்கு வந்தார். பாஸ்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்க வேண்டும், மனசில் யார்மேலும் பகை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது, யார் என்று பெயரை மட்டும் சொல்லிவிடுங்கள், பாதி பாரம் இறங்கிவிடும் என்றார். சகாயராணி அவருக்குச் சாயா கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் மூட்டுவலி மாத்திரையைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டேன். இந்தப் பாஸ்குவுக்கு நான் நன்மை வாங்கப் போவதில்லை, எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வேன். யாரை என்று தெரியாமலே நீயும் போனில் மன்னிச்சிரும்மா என்று சொன்னாய். நீ தூரத்தில் இருக்கிறாய், சொல்லத்தான் செய்வாய், உன்மேல் எனக்குக் கோபமில்லை.

பிள்ளைகளை ஈரத் தலையோடு வெளியே போக விடாதே, காலுறை இரண்டாகப் போடு. சின்னவனுக்கு வயிறு சரியில்லை என்றாயே, கஞ்சியில் சீரகம் போட்டுக் கொடு. மருமகன் ரிஜோவை நான் குறை சொல்லவில்லை, ஆனால் உன் மனைவி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறாள் என்று முழுசாகச் சொல்லச் சொல். அவர் சொல்லாவிட்டால் நீ சொல்லு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. சகாயராணி பிறந்தநாள் வருகிறது, மறக்காமல் அவள் போனுக்கே கூப்பிடு, அண்ணன் போனுக்கு வேண்டாம். கடிதத்தைச் சாயிராவிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். மாதா உன்னையும் உன் குடும்பத்தையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும், நான்கு பேர் தலையிலும் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
உன் அம்மா
மரிய புஷ்பம்

சாமியாரிடம் சொல்லாத பெயரை உனக்கு எழுதிவிடுகிறேன், எங்கேயாவது இருக்கட்டும். சர்வே அன்று கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னானே, அதற்காக இல்லை, அது வாய் தவறியது, அதை விட்டுவிட்டேன். அவள் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தும் ஃபேனைப் பார்த்தானே, அதற்காக. தாவீது.