பதினான்காம் கேள்வியும் எங்கள் பெஞ்சும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்பதை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனால் பேனா என் கையில் இருக்கிறது. போனில் பேசினால் பின்னால் நின்று வரிக்கு வரி திருத்துகிறாள், அதனால்தான் கடிதம். நான் பரீட்சையில் ஃபெயில் என்று இதற்குள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அது பொய். இருபத்து நாலுக்கு ஒன்பது, அவ்வளவுதான். பாஸ் மார்க் எவ்வளவு என்று அந்தத் தாளில் எங்கேயும் போடவில்லை, திருப்பியும் பார்த்தேன். நீ உன் தைராய்டு மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மாதாமாதம் போகிற குடல் டாக்டர் கிளினிக்கில், நோயாளிகளுக்குத் தங்கள் குடல் அழற்சியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளக்கப் புறப்பட்டுவிட்டார்கள். நர்ஸ் எல்லோருக்கும் தாளும் பென்சிலும் கொடுத்து, சரி, தவறு, தெரியாது, மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும், பக்கத்தில் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தெரியாது என்ற கட்டத்தின் பக்கமே நான் போகவில்லை. நாற்பது வருஷம் குழாய் வேலை, அதையும் யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றுக்கொண்டது. குடலும் குழாய்தானே. பதினான்காம் கேள்வி, தொந்தரவு அடங்கிய பிறகும் மாத்திரையைத் தொடர வேண்டும் என்று இருந்தது. தவறு என்று அழுத்திக் குறித்தேன். கசிவு நின்ற பிறகும் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் என்ன வேலைக்காரன்? பக்கத்தில் இருந்த தையல்காரர், அவருக்கும் என் நோய்தான், ஒவ்வொண்ணுக்கும் என்ன போட்டீங்க என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். அவர் அடுத்தவருக்குச் சொல்ல, பெஞ்சின் மறுகோடியில் இருந்த பஸ் டிரைவர் வரைக்கும் போய்விட்டது. கண்ணாடி கொண்டுவராத ஒரு அம்மாளுக்கு நானே எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்தேன். ஒரு உதவிதானே.

அதை உதவி என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பெஞ்சில் ஆறு பேருக்கும் அதே பதினைந்து கேள்விகள் தப்பு. அளந்த அளவெல்லாம் என்னால் கெட்டுப்போச்சாம், எல்லோருக்கும் மறுபடியும் பரீட்சையாம். துணைக்கு வந்த உன் அம்மா, குடலில் ஒரு கீறல் கூட இல்லாதவள், பொழுது போகவில்லை என்று ஒரு தாளை வாங்கி எழுதி இருபத்தொன்று. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே என் தாளும் தொங்குகிறது.

இனி எழுதுவதை இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துத் தையல்காரர் வீட்டு அம்மா போன் செய்தாள். ரத்தப்போக்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. ஓடினேன். மனுஷன் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கிடந்தார். "நீங்க சொன்னீங்களேன்னுதான் நிறுத்தினேன் அண்ணே, உங்களுக்கு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். எனக்கு நன்றாக இல்லை மகளே. நானும் இரண்டு மாதமாக மாத்திரையை டூல் பாக்ஸில் போட்டு வந்தேன், அன்று காலையில் மட்டும் கழிவறைக்கு ஐந்து தடவை ஓடியிருந்தேன். அதை வாய்விட்டுச் சொன்ன நேரம் பார்த்து, அவரைப் பார்க்க அந்தக் கிளினிக் நர்ஸ் உள்ளே வந்துவிட்டாள். திட்டவில்லை. "ஐயா, கசிவு ஏன் நின்னுச்சு? வால்வை மூடினதால. மாத்திரைதான் அந்த வால்வு. கசியலையேன்னு யாராவது வால்வைத் திறந்துவிடுவாங்களா?" என்றாள். நாற்பது வருஷத்தில் என் தொழிலை வைத்தே என்னை யாரும் மடக்கியதில்லை. தாளில் இப்படிக் கேட்டிருந்தால் சரியாகவே குறித்திருப்பேன், கேள்வியில்தான் கோளாறு என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

தையல்காரர் வீடு திரும்பிவிட்டார். நீங்க போட்டாத்தான் நானும் போடுவேன் என்று பிடிவாதம். தினமும் காலை எட்டு மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒன்றாக விழுங்குகிறோம், மடக்கென்ற சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பார். மற்ற நாலு பேருக்கும் நானே போன் செய்து சொன்னேன். ஒருவரும் மாத்திரையை நிறுத்தவில்லை. உங்களை யார் நம்பினாங்க, சீக்கிரம் முடிக்கத்தான் பார்த்து எழுதினேன் என்று பஸ் டிரைவர் சொன்னார். நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே ஒத்துக்கொண்டேன். மறுபரீட்சைக்கு எனக்கு மட்டும் சுவரைப் பார்த்த மாதிரி தனி நாற்காலியாம்.

இப்போது உன் விஷயம். உடம்பு நன்றாக இருந்தால் மாத்திரை எதற்கு, நிறுத்திவிடு என்று போனில் சொன்னேன் அல்லவா. அது அதே பதினான்காம் கேள்வி. நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தை மடிக்கும் முன் உன் டாக்டருக்குப் போன் செய். மருந்து விஷயத்தில் அப்பாவைக் கேட்காதே. குழாய் விஷயத்தில் வேறு யாரையும் கேட்காதே. உன் சமையலறைத் தொட்டியின் அடியில் சொட்டுகிறது என்றாயே, வாஷரை மாற்று. டூல் பாக்ஸ் சமாசாரம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், அவள் அதையும் ஃபிரிட்ஜில் ஒட்டுவாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
(ஒன்பது, இப்போதைக்கு)