இடது ஓரத்து எண்ணெய்

இன்று மத்தியானம் பௌலிங் மண்டபத்தின் இரண்டாம் லேனில் எண்ணெய் பூசும் இயந்திரம் பாதி வழியில் நின்றுவிட்டது. மூடியைக் கழற்றினேன். பழைய எண்ணெயைக் கழுவும் மருந்தின் ஆரஞ்சு மணம் முகத்தில் அடித்தது. "ஆஸ்பத்திரிக்கு ஆரோ தோடம்பழம் கொண்டுவந்த மாதிரி மணக்குது மச்சான்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வாய். நான் ஒருநாளும் சிரித்ததில்லை. பகிடி புளித்துப்போச்சு என்று முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வாங்குப் பலகையில் போய் இருந்துவிட்டேன்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உடுப்பிட்டிக்குக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் கொடுக்கப்போகிறேன். நாங்கள் அங்கே என்னதான் செய்தோம் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "பந்தை உருட்டிப் போத்தில் விழுத்துறதுக்கு ஒரு லீக்கோ தம்பி?" என்று உன் செத்தவீட்டன்றும் கேட்டவர். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களை அவருக்காக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

லேன் என்பது நீண்ட, வழுவழுப்பான பலகைத் தளம். அதன் பெரும்பகுதிக்கு எண்ணெய் பூசுவோம். கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் உள்ள இடத்தில் பந்து வழுக்கும். இல்லாத இடத்தில் பிடித்துத் திரும்பும். வழமையான பூச்சில் நடுவில் தடிப்பு, ஓரங்களில் மெல்லிசு. கை சற்றுப் பிசகினாலும் லேனே பந்தைத் திருத்தி, முடிவில் போத்தில் மாதிரி நிற்கும் பத்துப் பின்களிடம் அனுப்பிவிடும். கடினப் பூச்சில் ஓரத்திலும் எண்ணெய் இருக்கும். அங்கே பிசகினால் பிசகினதுதான். எங்கே எவ்வளவு எண்ணெய் என்பதைப் பந்து போகிற போக்கை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். ஊகித்து, நிற்கிற இடத்தை மாற்ற வேண்டும், வேகத்தை மாற்ற வேண்டும், சிலவேளை பந்தையே மாற்ற வேண்டும். இதில் கெட்டிக்காரன் எவனோ அவன்தான் லீக்கில் நிற்பான்.

நீ கெட்டிக்காரன். அதுதான் வினையாக முடிந்தது.

எங்கள் அணியில் மூன்று பேர். கிழமை நாட்களில் பள்ளிக்கூட வான் ஓட்டும் நீ, வங்கியில் வேலை பார்க்கும் டிலானி, அந்த மண்டபத்தின் இயந்திரங்களைப் பார்க்கும் நான். லீக் முழுவதிலும் இடக்கைக்காரன் நீ ஒருவன்தான். வலக்கைக்காரர் எல்லாரும் வலது பக்கத்தை உருட்டி உருட்டி எண்ணெயைத் தேய்த்து எடுத்துவிடுவோம். இடது பக்கம் உனக்கு மட்டுமான காணி. மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். ஆனால் உன் பக்கத்தில் ஏதாவது பிழையாகப் போனால், உன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருத்தரும் இல்லை. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மாரி தொடங்கியபோது லீக்கின் இரண்டாம் சுற்றுக்குக் கடினப் பூச்சு என்று முடிவானது. முதல் சனிக்கிழமையே எல்லாருக்கும் எறி பிழையாகப் போனது. எல்லாரும் எண்ணெயைத் திட்டினார்கள், எண்ணெய் போட்ட என்னையும் திட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் உன்னுடைய முறைப்பாடும் ஒன்றாகப் போய்விட்டது.

"என்ரை பக்கம் கூடப் போட்டிட்டாய் என்ன?"

"மெசின் ரெண்டு பக்கமும் ஒரேயளவுதான் போடும்."

"அப்ப ஏன்ரா பந்து திரும்பாமல் வழுக்கிக்கொண்டு போகுது? மெசினுக்கும் என்னிலை கோவமோ?"

நான் பார்த்தேன். ஓரத்தில் விழவேண்டிய உன் பந்து, தடித்த எண்ணெய் இருக்கும் நடுப்பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. சொன்னேன். குறியில்தான் விழுகிறது என்று நீ அடித்துச் சொன்னாய். சரி, வழியைப் பார்ப்போம் என்று பந்தின் மேற்பரப்பை அரத்தாளால் உரஞ்சிச் சொரசொரப்பாக்கினோம். பந்து பிடித்தது. திரும்பியது. "சமாளிச்சிட்டன் மச்சான்!" என்று டிலானியின் ரோல்ஸையும் பறித்துச் சாப்பிட்டாய்.

அடுத்த கிழமை மறுபடி வழுக்கியது. வேகத்தைக் குறைத்தாய். சரிவந்தது. அதற்கடுத்த கிழமை நிற்கும் இடத்தை மாற்றினாய். அதுவும் சரிவந்தது. நாங்கள் செய்த திருத்தங்களில் ஒன்றுகூடப் பிழையாகப் போகவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அம்மா என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார். "தம்பி, உவன் சோத்துக் கோப்பேலை பாதிச் சாப்பாட்டை விட்டிட்டு எழும்புறான். பேசினால் கோப்பையைச் சுத்தித் திருப்பி வைச்சிட்டு மிச்சத்தையும் சாப்பிடுறான். இது என்ன பழக்கம்?" பகிடி விடுகிறான் என்றேன். உன் வானின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியதையும் அன்றைக்குத்தான் கண்டேன். "பக்கத்து வீட்டு மதில் றோட்டுக்கு வந்திட்டுது" என்று சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குத் தெரியாமல் ஒன்று கிடந்தால் நித்திரை வராது. லேனுக்குக் குறுக்கே ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து, அதில் படிந்த எண்ணெயை அளந்தேன். இடதும் வலதும் ஒரே அளவு. இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டி மறுபடியும் அளந்தேன். அதே அளவு. லேனில் பிழை இல்லை. அப்படியென்றால் பிழை எங்கே?

அதற்கான விடையை அடுத்த சனிக்கிழமை பின்னேரம் நீயே கொண்டுவந்தாய். பந்தை எறிந்தாய். ஒன்பது பின்கள் விழுந்தன. இடது மூலைப் பின் அசையாமல் நின்றது. நீ கையை உயர்த்திக்கொண்டு, பத்தையும் விழுத்தியவனாய்த் திரும்பி வந்தாய்.

"அண்ணை, ஒண்டு நிக்குது. கண்ணுக்கும் எண்ணெய் விட்டிட்டியளோ?" என்று டிலானி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

நீ நேரே பார்த்தாய். "எங்கை நிக்குது? எல்லாம் விழுந்திட்டுது." பிறகு தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாய். உன் முகம் மாறியதை நான் கண்டேன். "ஓ, உது இப்பதான் எழும்பினது" என்றாய். விழுந்த பின் தானாக எழும்பாது. பின்களை நிறுத்தும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறவன் நான்.

உன்னை இழுத்து எனக்கு முன்னால் நிறுத்தினேன்.

"என்ரை மூக்கைப் பார். கண்ணை ஆட்டாதை."

"விசரே உனக்கு? சனம் பாக்குது."

"மூக்கைப் பார் எண்டன்."

உன் இடப்பக்கமாக என் கையை நீட்டினேன். "எத்தினை விரல்?"

"முதலிலை கையைத் தூக்கு. பிறகு கேள்."

கை தூக்கித்தான் இருந்தது. டிலானி சிரிப்பை நிறுத்தினாள்.

வாங்கில் உன் சப்பாத்துப் பையோடு கிடந்த வான் திறப்புக் கொத்தை எடுத்து என் பொக்கற்றில் போட்டேன். வாகனத் தரிப்பிடம் வரைக்கும் பின்னாலேயே வந்தாய்.

"திறப்பைத் தாடா."

"தரமாட்டன்."

"திங்கக்கிழமை பிள்ளையளை ஆர் ஏத்துறது? உன்ரை அப்பரோ?"

"ஆரும் ஏத்தட்டும். நீ இல்லை."

"இவ்வளவு நாளும் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் மங்கல் எண்டு எனக்குத் தெரியும். தலையைத் திருப்பிப் பாத்துப் பாத்துத்தான் ஓடுறன். லீக் முடியட்டும், போய்க் காட்டுறன். சமாளிக்கிறன்தானே?"

அதுவரை எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அதன் பிறகு பயம் வந்தது. உனக்குத் தெரிந்திருந்தது. வானின் கதவு இடப்பக்கம். பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கத்தில். வான் வெளிக்கிட்ட பிறகு ஒரு பிள்ளை புத்தகத்தை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தால்? இதை உன்னிடம் கேட்டேன். என் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுக்கினாய். நான் திறப்பை விடவில்லை. நீயும் நானும் ஒருவரையொருவர் அடிக்காமல் விட்டது டிலானி நடுவில் வந்து நின்றதால்தான்.

கடைசியில் உன் வீட்டுக்கு நான் ஓட்ட, நீ இடப்பக்கத்து ஆசனத்தில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாய். அச்சுவேலியைத் தாண்டினோம். வல்லை வெளிக்கு வந்தோம். மாரி வெள்ளம் றோட்டின் இரண்டு கரையும் முட்டிக் கிடந்தது. வீடில்லை, மரமில்லை. காற்று வானை ஒரு பக்கமாகத் தள்ளியது. நீ நேரே பார்த்தபடி, கோபம் ஆறியவன் போலக் கதைத்தாய்.

"இந்த வருசம் மழை காணாது என்ன? உன்ரை பக்கம் மட்டும்தான் தண்ணி."

உன் கதவுக்குப் பக்கத்தில், தாரின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது.

வானை நிறுத்தினேன். "திரும்பிப் பார்" என்றேன். திரும்பினாய். யன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டினாய், தண்ணீர் மெய்தானோ என்று தொட்டுப் பார்க்கிறவன் மாதிரி.

"திறப்பை நீயே வைச்சிரு" என்றாய். யன்னலை ஏற்றிவிட்டு, "அம்மாட்டை நான் சொல்லுறன். நீ வாயைத் திறக்காதை. உன்ரை வாயாலை கேட்டால் மனிசி பயத்திலையே போயிடும்."

பெரியாஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில் கட்டி. கண்ணில் ஒரு பிழையும் இல்லை. இரண்டு கண்ணின் இடப்பாதிக் காட்சியும் மூளைக்குள் அழிந்துகொண்டு வந்திருக்கிறது. "இவ்வளவு வளருமட்டும் எப்பிடி இவர் ஒரு பிரச்சினையும் இல்லாமல் திரிஞ்சவர்?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியும். அரத்தாள், வேகம், நிற்கும் இடம், தலையைத் திருப்புவது, கோப்பையைச் சுற்றுவது. கொழும்பில் வெட்டினார்கள். திரும்பவும் வளர்ந்தது. அடுத்த மாரியை நீ காணவில்லை. உன் வானில் வந்த பிள்ளைகள் எல்லாரும் வெள்ளைச் சட்டையோடு சேர்ச்சில் வரிசையாக இருந்தார்கள். எல்லாரும். அதை மட்டும் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு "சமாளிச்சிட்டன்" என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தோசம் வருவதில்லை. முதுகு கூசுகிறது. அப்பா முழங்கால் நோவைச் சமாளிச்சிட்டன் என்றாலும் சரி, பக்கத்துக் கடைக்காரன் மூச்சிரைப்பைச் சமாளிக்கிறன் என்றாலும் சரி, எதற்காகச் சமாளிக்க வேண்டி வந்தது என்று விடாமல் கேட்கிறேன். சனத்துக்கு என்னைக் கண்டால் அலுப்பு. முந்தியும் அலுப்புத்தான்.

போன சனிக்கிழமை டிலானியின் பந்து குறி தவறிக்கொண்டே போனது. சற்றுப் பின்னால் தள்ளி நின்று எறிந்தாள். சரியாகிவிட்டது. "சமாளிச்சிட்டன் அண்ணை" என்று கையை நீட்டினாள். நான் கைகொடுக்கவில்லை.

"ஏன் மாத்த வேண்டி வந்தது?"

"எண்ணெய்தானே."

"எண்ணெய் இல்லை. நான் அளந்தனான். என்ரை மூக்கைப் பார்."

"ஐயோ கடவுளே, உங்களோடை மனிசர் ஒரு விளையாட்டு விளையாடேலாது."

விரலைக் காட்டினேன். சொன்னாள். மற்றப் பக்கமும் காட்டினேன். சொன்னாள். கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். அடுத்த லேன்காரர்கள் விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளே பொறுமை கெட்டுச் சப்பாத்தைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடியில் ஈரம். மழைத்தண்ணீரை மிதித்துவிட்டு வந்திருக்கிறாள். வழுக்கிப் போகவேண்டிய கடைசி அடியில் கால் ஒட்டியிருக்கிறது. துணியால் துடைத்துக் கொடுத்தேன். பழைய இடத்திலேயே போய் நின்று எறிந்தாள். பத்தும் விழுந்தன. நான் மூலைகள் இரண்டையும் பார்த்தேன்.

"பாத்தியளே?" என்றாள். "சப்பாத்துத்தான்."

"ஓம்" என்றேன். "இந்த முறை சப்பாத்து."