பார்த்தேன் என்று சொன்னேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் வீட்டு விலாசத்துக்கு எழுதாமல், நீ வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்கு ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். முன்பெல்லாம் நீயே போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசுவாய். மூன்று வாரமாக மாப்பிள்ளைதான் எடுக்கிறார். ஒரு நாள் நீ குளிக்கிறாயாம், மறுநாள் தூங்குகிறாயாம். மூன்று வாரம் குளித்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருக்கிற பெண்ணை நான் பெறவில்லை.

உன் அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீ போன நாளிலிருந்து என்னோடு பேச்சுதான் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் கொட்டகையில் வந்து நின்று, "சோறு ஆறுது, அந்த மனுஷனை வந்து தின்னச் சொல்லு" என்று செவலையிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். நானும் பதிலை மாட்டிடமே சொல்கிறேன். நடுவில் அதுதான் பாவம்.

செவலைக்கு மறுபடி சினை ஊசி போட்டு நாளையோடு இருபத்தொரு நாள். கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் தேதி எழுதி வைத்திருக்கிறேன். சினை நிற்கவில்லை என்றால் இந்தக் கணக்குக்குத் திரும்பவும் பருவத்துக்கு வந்துவிடும் இல்லையா? காலை, மதியம், சாயங்காலம் என்று போய்ப் பார்க்கிறேன். பின்னால் கண்ணாடிச் சளி மாதிரி வழும்பு தொங்குகிறதா, தீனியைக் குறைக்கிறதா, கறுப்பு மாடு மேலே தாவினால் நகராமல் நிற்கிறதா என்று. இதுவரை ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் நான் உள்ளே போனாலே, என்ன வேண்டும் உனக்கு என்பது போலத் திரும்பிப் பார்க்கிறது.

இதையெல்லாம் போன தடவை பார்த்திருக்க வேண்டும். இந்த மூன்று குறியையும் எனக்குச் சொன்னதே நீதான்.

நீ பையோடு வந்து இறங்கினாயே, அந்த வாரம். முதல் ஊசி போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. செவலை விடாமல் கத்தியது, கறுப்பு மாட்டின் மேல் தாவியது. நான் அவசரக்குடுக்கை, ஊசி போடுகிறவரை வரவழைத்துவிட்டேன். நீ வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "வழும்பே இல்லப்பா. செவலை கறுப்பு மேல ஏறுதே தவிர, கறுப்பு ஏற வந்தா விலகிப் போகுது. வயித்துல இருக்குப்பா, வேணாம்" என்றாய். ஊசி போடுகிறவரும், சினை மாடுகூடச் சில நேரம் இப்படிக் கத்தும், வழும்பு பார்த்தீர்களா, இல்லை கையை விட்டுப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டார். கூப்பிட்ட மனுஷனைச் சும்மா திருப்பி அனுப்ப எனக்குக் கௌரவக் குறைச்சல். "காலையிலயே பாத்தேன், நீங்க போடுங்க" என்றேன். நான் பார்க்கவே இல்லை.

அன்று அப்படி ஒரு வெயில். நீ மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாய். வாலைத் தூக்கும்போதுகூட அதை மடித்துவிடவில்லை. இப்போது நான் வாலைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

அன்று சாயங்காலம் உன் அம்மா என்னிடம் வந்து, "எங்கிட்ட கதவைச் சாத்திக்கிறா. நீங்க கேட்டா காட்டுவா. அவ கையை ஒரு தடவை பாருங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய், "பாத்தேன், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். நான் பார்க்கவில்லை கண்ணு. பார்த்துவிட்டால் உன்னை எப்படித் திருப்பி அனுப்புவது என்றுதான் பார்க்கவில்லை. மறுநாள் நானே பஸ் ஏற்றிவிட்டேன். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் விடியற்காலையில் செவலை கருவைப் போட்டுவிட்டது. என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. குளம்புகூட வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைத்தேன். இன்றுவரை கயிற்றை அவிழ்த்தால் தொட்டியில் வாய் வைப்பதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போய் மோந்து பார்க்கிறது. நான் வேறு பக்கம் பார்க்கிறேன். உள்ளங்கையில் அந்த ஈரம் கழுவக் கழுவப் போவதில்லை.

உன்னோடு தைக்கிற பெண் நேற்றுச் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தாளாம். உனக்கு மூன்று மாதம் என்று சொன்னாளாம். உன் கையைப் பற்றியும் சொன்னாளாம். அம்மா வந்து மாட்டிடம் சொல்லவில்லை. நேரே என் முகத்தைப் பார்த்து, "அன்னைக்கு நெஜமாவே பாத்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான்கு மாதத்தில் அவளோடு பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை உங்கள் கம்பெனி விடும் நேரத்துக்கு நான் வாசலில் நிற்பேன். நீ ஒன்றும் விளக்க வேண்டாம், எதையும் மடித்துக் காட்டவும் வேண்டாம். நீ வாயால் சொன்னால் எனக்குப் போதும். சொல்லாவிட்டாலும் போதும். மாப்பிள்ளையிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். துணிமணி எடுக்க அந்த வீட்டுக்குப் போகாதே, உடுத்திய துணியோடு வா. கொட்டகையை ஒட்டிய அறையை உன் அம்மா கழுவிவிட்டாள்.

என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றாலும் வாசல் வரைக்கும் வா, தாயி. வயிற்றில் இருப்பதோடு நீ நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தத் தடவை நான் பார்க்கத்தான் வருகிறேன்.

உன் அப்பா