கடற்படைத் தலைவி வலம்புரிநங்கை மஞ்சுமலைக்கு வரும் செய்தி

நிலமும் நீரும் தத்தம் எல்லையில் நின்று காக்க, முத்துறை நாட்டு அரியணையில் அமர்ந்து செங்கோல் செலுத்தும் ஆதிரைமாதேவி, மஞ்சுமலைக் கோட்டத்தைக் காவல் புரியும் எம் இளவல் எழினிக்கோவுக்கு விடுக்கும் ஓலை. நும் மலைச்சாரலில் மழை வழுவாதிருக்க! நும் தேவியும் மக்களும் நோயின்றி வாழ்க! யாம் நலம்; பட்டினமும் நலம். மீன் விற்போரின் கூச்சல் எம் மாடம் வரை கேட்கிறது. நெடுநாள் அடங்கிக் கிடந்த கூச்சல் ஆதலால், இன்று அது எமக்கு மங்கல ஒலியாகவே இருக்கிறது.

வலம்புரிநங்கையைக் கடற்படைத் தலைவியாக அமர்த்தியது தகாது என்றும், போர்முகத்தில் ஆடவர் ஒரு பெண்ணின் சொல்லுக்கு அடங்கார் என்றும் சென்ற ஓலையில் எழுதியிருந்தீர். அன்றே மறுமொழி விடுக்க எம் கை துடித்தது. ஆயினும் முத்துக் குளிக்கும் கடற்பரப்பு தமதே என்று கூறி, செந்தீவு மன்னனின் கப்பல்கள் எம் துறைமுக வாயிலை அடைத்து நின்ற வேளை அது, பொறுத்தோம். அதன்பின் நடந்ததை இப்போது கேளும்.

முதற்போரில் நம் வீரர் பலர் மாண்டனர். மறுநாள் வலம்புரிநங்கை, தோற்று ஓடுவதுபோல் தன் படகுகளைத் தெற்கே திருப்பினாள். துரத்தி வந்த பகைவரின் பெருங்கப்பல்கள், நீர் வற்றும் வேளையில் மணல்திட்டுகளில் ஏறிச் சிக்கிக்கொண்டன. காற்றும் நம் பக்கம் திரும்பியது. நம் வில்லாளர் தீயம்பு கொளுத்தி நாணேற்றி, அவள் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தனர். கலங்கரை விளக்கின் மேல் நின்று யாம் கண்ணாரக் கண்டோம்.

அவ்வேளையில் நம் மருத்துவச்சாலைத் தலைவி மருதி, சிறு தோணி ஒன்றில் விரைந்து வந்தாள். பகைவருள் சிறைப்பட்டோரைச் சோதித்துவிட்டு வந்தவள், நேரே வலம்புரியிடம் சென்றாள்.

“தலைவி, அந்தக் கப்பல்களில் பாதிப்பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீரே கெட்டுப்போயிருக்கிறது. எரித்தால், தப்பி நீந்துகிறவன் நம் கரையில்தான் ஏறுவான். நோயும் அவனோடு ஏறும். என்னைப் போகவிடுங்கள்” என்றாள்.

“உங்களைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டால்?” என்று வலம்புரி கேட்டாள்.

“வைத்துக்கொள்ளட்டுமே, அங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது” என்றாளாம் மருதி.

வலம்புரி தீயம்புகளை இறக்குமாறு ஆணையிட்டாள். ஒருவரும் இறக்கவில்லை. முன்படகில் நின்ற சேந்தன் என்னும் வில்லாளன், முதற்போரில் தன் தம்பியைப் பறிகொடுத்தவன், வளைத்த வில்லை விடாமலே, “என் தம்பியின் சிதை இன்னும் ஆறவில்லை, தலைவி. இவர்களை விடச் சொல்கிறீர்களா?” என்று கதறினான்.

இளவலே, நீர் அஞ்சிய கணம் இதுவே. வலம்புரி அவனை மிரட்டவில்லை. தன் கப்பலிலிருந்து இறங்கி, அவன் படகில் ஏறி, அவன் அம்பின் முன்னே நின்றாள். “உன் தம்பி என் வீரன், சேந்தா. இவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. அம்பை இறக்கச் சொல்கிறேன்” என்றாள். அவன் அழுதுகொண்டே அம்பைக் கடலில் ஆழ்த்தினான். அது கண்டு படகு படகாக எல்லாத் தீயும் நீரில் அவிந்தது. பகைவனைக் கொல் என்றால் கேட்பதற்கு எவர் படையும் போதும். அன்று நம் வீரர் கேட்டது அதனினும் அரிய சொல்.

மருதி பகைவரின் கப்பலேறி, கெட்ட நீரைக் கொட்டச் செய்து, நம் கிணற்று நீரைக் காய்ச்சிக் கொடுத்து, நோயாளரைத் தனியே பிரித்துப் பேணினாள். எல்லாரையும் காக்க இயலவில்லை, பலர் மாண்டனர். எனினும் அவர்தம் தளபதி விறலோன் பிழைத்து எழுந்தான். எழுந்தவன், போர் வேண்டாமெனத் தானே சந்து வேண்டினான். நம் அறங்கூறவையத் தலைவி பூங்கணி, அவனோடு இருந்து முத்துக்கடலை இருநாட்டுக்கும் பொதுவாக்கி உடன்படிக்கை வகுத்தாள். செந்தீவு மன்னனும் அதற்கு இசைந்தான். மருதிக்கும் அக்காய்ச்சல் கண்டு, இப்போது தேறி வருகிறாள். கஞ்சியில் உப்புப் போதவில்லை என்று நேற்று எம்மிடமே குறைப்பட்டாள். அதைக் கேட்டு யாம் அடைந்த மகிழ்ச்சியை ஓலையில் எழுத இயலாது.

ஆகவே, நும் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வலம்புரிநங்கை தன் பதவியில் நீடிப்பாள். புதுக் கப்பல்களுக்கு மரம் தெரிவு செய்ய, அடுத்த வளர்பிறையில் அவள் நும் மலைக்கு வருகிறாள். கோட்டை வாயிலுக்கு நீரே இறங்கி வந்து, படைத்தலைவர்க்குரிய முரசும் குடையும் முன்செல்ல அவளை எதிர்கொண்டு அழைப்பீராக. பெண்ணின் சொல்லுக்கு அடங்காத ஆடவர் நும் கோட்டத்தில் இருப்பின், அவர்களை அவளோடே இங்கு அனுப்புக. சேந்தனின் படகில் துடுப்புகள் ஆளின்றிக் கிடக்கின்றன.

இதை நும் தமக்கையின் வேண்டுகோளாகக் கொண்டு செய்வீராயின் உள்ளம் குளிர்வோம். அரசியின் ஆணையாகக் கொண்டு செய்யினும் குறையில்லை. செய்தல் வேண்டும்.

சுறாப் பொறித்த எம் இலச்சினை இட்டு, எம் கையெழுத்தால் முடித்தோம். கொணர்ந்தவனுக்கு உணவளித்து, மறுமொழியோடு அனுப்புக.

ஆதிரைமாதேவி