சிமியோனின் வலது தொடை

சுன்னாகம்
04.02.2024

அன்புள்ள சிமியோன்,

புனித யாகப்பர் அருளால் உன் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் எடுத்தால் நீ வெட்டிவிடுகிறாய். நான் ஆசுபத்திரிக்கு வந்தபோது, "உவனை உள்ளை விடாதை" என்று நீ உன் பிலோமினாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிழை என்னுடையது. நீ ஒரு காலைப் படகிலும் மற்றக் காலை இறங்குதுறையிலும் வைத்திருந்ததைப் பார்க்காமல் எஞ்சினைக் கியரில் போட்டேன். இருபத்திரண்டு வருடம் என்னோடு கடலுக்கு வந்தவனின் காலைப் படகுக்கும் துறைக்கும் நடுவில் நானே நசித்துவிட்டேன். குருநகரில் உன் வீட்டைத் தாண்டி நடக்க முகமில்லாமல் இங்கே மகள் வீட்டில் இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு வித்தியா பிசியோதெரபி படித்தவள். "அங்கிள், எட்டுக் கிழமை அசையாமல் கிடந்தால் தொடைச்சதை கரைஞ்சுபோகும். எலும்பு பொருந்தினாலும் நிக்க ஏலாது" என்றாள். உன் டாக்குத்தரிடம் கேட்டுவிட்டு இதைச் செய். பிளாஸ்ரர்க் கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடு. பத்துத் தடவை, நாளுக்கு நான்கு முறை. கால்விரல்களையும் ஆட்டு.

உன்
செபநாயகம்

குருநகர்
17.02.2024

செபநாயகம்,

பிலோமினா உன் கடிதத்தை உரக்க வாசித்தாள். நான் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

கனடாவிலிருந்து தம்பி சுபாஸ் விற்றமின் சி, விற்றமின் ஈ குளிசைகள் அனுப்பியிருக்கிறான். அன்ரிஒக்ஸிடன்றாம். சதை கரையாமல் காக்குமாம். காலையும் மாலையும் போடுகிறேன். உன் வைத்தியம் எனக்குத் தேவையில்லை. கட்டிலில் கிடக்கிறவனுக்கு அதைச் செய், இதைச் செய் என்பது லேசு. நீ நடந்து திரிகிறாய்.

இனி எழுதாதே.

சிமியோன்

சுன்னாகம்
25.02.2024

அன்புள்ள சிமியோன்,

இந்த ஒன்றை மட்டும் வாசி.

குளிசையைப் பற்றி வித்தியாவிடம் கேட்டேன். அசையாத தசைக்குள் அதை அரிக்கிற ஏதோ கூடுமாம். அதைத் தணிக்கத்தான் அந்தச் சத்துகளாம். எலிகளில் கொஞ்சம் பலன் கண்டார்களாம், மனிதரில் இன்னும் உறுதியில்லையாம். "அளவுக்கு மேலை குளிசை போடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நெல்லிக்காய், கீரை, மீன், முட்டை சாப்பிடட்டும். ஆனா வேலை குடுத்தாத்தான் சதை நிக்கும்" என்றாள்.

நடந்து திரிகிறாய் என்று எழுதியிருந்தாய். நேற்று விடிந்ததும் என் வலது காலை இரண்டு பலகைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டினேன். பத்துத் தடவை இறுக்குவதற்குள் தொடை நடுங்கியது. மத்தியானத்துக்குள் மகளிடம் காரணமில்லாமல் கத்தினேன். மூத்திரம் போக மருமகனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினேன். பின்னேரம் அவிழ்த்துவிட்டு எழுந்து நடந்தபோதுதான் உன்னால் அது முடியாதே என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொல்வது லேசான காரியம் இல்லை, தெரியும். ஆனாலும் செய், சிமியோன்.

செபநாயகம்

குருநகர்
26.03.2024

அன்புள்ள செபநாயகம்,

வெள்ளிக்கிழமை பிளாஸ்ரரை வெட்டினார்கள். உள்ளே இருந்தது என் கால் மாதிரியே இல்லை. பிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலது தொடை சுற்றளவில் இடதைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. ஆனால் டாக்குத்தர், "நான் இதைவிட மோசமாயிருக்கும் எண்டு நினைச்சன். பிளாஸ்ரருக்குள்ளை பயிற்சி செய்தனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்த மறுநாள் தொடங்கினேன். நீ பலகை கட்டிய கதைக்குப் பிலோமினா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்மேல் ஆத்திரம் வரும்போதெல்லாம் தொடையை இறுக்கினேன். நிறைய ஆத்திரம் இருந்ததால் வித்தியா சொன்னதுக்கு மேலேயே செய்தேன்.

இன்று ஊன்றுகோலுடன் கிணற்றடிவரை போய்வந்தேன்.

ஒன்று சொல்லவேண்டும். கால் தேறினதும் கடலுக்குப் போவேன். உன்னோடு போகமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. நேற்றுக் கரைப்பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டதும் என் கை தானாகவே முழங்காலைப் பிடித்தது. நீ எஞ்சினில் இருந்தால் என் கண் வலையில் நிற்காது. அது இருவருக்கும் ஆபத்து. இன்னாசித்தம்பி அண்ணை தன் படகில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்ப உங்கடை சினேகிதமும் முடிஞ்சுதோ?" என்று பிலோமினா கேட்டாள். "படகுதான் முடிஞ்சது" என்றேன்.

ஞாயிறு ஈஸ்டர். கோயில்வரை நடந்தே போகப்போகிறேன். பிலோமினா கட்டை, அவளுடைய தோள் எனக்குப் பிடிக்கத் தாழ்வு. காலைப் பூசைக்கு நேரத்தோடு வீட்டுக்கு வா. மெதுவாகத்தான் நடப்பேன்.

சிமியோன்